கப்பல் காத்திருக்காது, கண்ணு

பார்சிலோனாவில் கப்பலேறி, மார்செய், லிவோர்னோ, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், மெஸ்ஸினா, வலேட்டா என்று சுற்றிவிட்டு மறுபடி பார்சிலோனாவிலேயே இறங்கப்போகிறாயாம். அதுவும் தனியாக. உன் அம்மா போனில் சொன்னாள். பாதிப் பெருமை, பாதிப் பயம். "எல்லாம் உன்னைப் பார்த்துக் கெட்டதுதான்க்கா" என்றாள். நான் மறுக்கவில்லை.

தனிமையைச் சொல்லி உன்னைப் பலரும் பயமுறுத்தியிருப்பார்கள். மூவாயிரம் பேர் இருக்கும் கப்பலில் தனிமையைத் தேடித்தான் போகவேண்டும், கண்ணு. தனியே போகிறவளுக்கு உண்மையில் இல்லாமற்போகிறவர் ஒரே ஒருவர். "போதும், வா, திரும்பலாம்" என்று சொல்கிறவர். கூட யாராவது வந்தால் அவருக்குக் கால் வலிக்கும், பசிக்கும், அலுக்கும். அந்தச் சாக்கில் நாமும் நிற்போம். தனியே போனால் ஆசைக்கும் தடையில்லை, பதற்றத்துக்கும் தடையில்லை. போதும் என்று சொல்லும் அந்த ஆளாகவும் நீயே இருந்துகொள்ள வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குத்தான்.

1. காகித வேலையை நேர்மையாகச் செய். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா நான்கும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறாயோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விமானம் பார்சிலோனாவில் இறங்குகிறதே என்று யோசிக்காமல் ஸ்பெயினுக்குக் கொடுத்துவிடாதே. உன் துறைமுகங்களில் பாதிக்கு மேல் இத்தாலியில் இருக்கின்றன. பார்சிலோனாவில் கூடுதலாகத் தங்கினால் கணக்கு மாறும், விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் கொடு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். "தனியாகப் போகிறேன்" என்று எழுதக் கூசி, இல்லாத தோழியைப் படிவத்தில் உருவாக்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நீ அப்படிச் செய்யாதே. கப்பல் புறப்படும் நாள் காலையில் போய் இறங்குவதும் வேண்டாம். ஒரு நாள் முன்னதாகப் போ. விமானம் தாமதமானாலும் தூங்க முடியும்.

2. கட்டணத்தைப் பார்த்துப் புலம்பாதே. கேபின் விலை இருவர் கணக்கில் போடப்படுகிறது. ஒருத்தி போனால் இன்னொருவர் பங்கில் பெரும்பகுதியையும், சில சமயம் முழுவதையும் கேட்பார்கள். 2010ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் தனிப்பயணிகளுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள். அதன்பிறகு வேறு கப்பல்களிலும் அப்படி வந்திருக்கின்றன, சீக்கிரம் தீர்ந்துபோகும். கிடைத்தால் எடு. கிடைக்காவிட்டால் கொடுத்துவிட்டு மறந்துவிடு. கொடுத்த பணத்துக்கு ஈடுகட்டுகிறேன் என்று நான்கு வேளையும் பஃபேயில் நிற்கிறவர்கள் மூன்றாம் நாள் மருத்துவர் அறை வாசலில் நிற்பார்கள்.

3. ஏறிய நாளன்று அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டு நழுவாதே. 2012 ஜனவரி 13 இரவு, சிவிட்டாவெக்கியாவிலிருந்து புறப்பட்ட சில மணி நேரத்தில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று அங்கே ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. இப்போது புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். பயிற்சி முடிந்ததும் கேபினிலிருந்து நீ கூடவேண்டிய இடத்துக்கு லிஃப்டில் ஏறாமல் படிவழியே ஒருமுறை நடந்து பார். எத்தனையாவது கதவு என்று எண்ணிக்கொள். உன்னைத் தட்டி எழுப்ப அறையில் வேறு யாரும் இருக்கப்போவதில்லை.

4. சட்டைப்பையில் ஒரு தாள் வைத்துக்கொள். பெயர், கப்பலின் பெயர், கேபின் எண், இரத்த வகை, உன் அம்மாவின் எண், ஒவ்வாத மருந்து. பார்சிலோனாவில் சாக்ரதா ஃபமீலியாவைப் பார்க்கப் போவாய் அல்லவா? 1882ல் தொடங்கிய கோயில், மறு ஆண்டே பொறுப்பேற்று வாழ்நாளையே அதற்குக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி. 1926 ஜூன் 7ஆம் தேதி டிராமில் அடிபட்டு விழுந்தார். பழைய உடை, பையில் அடையாளத் தாள் எதுவும் இல்லை. யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்து ஏழைகளின் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்னார் என்று தெரிவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. 10ஆம் தேதி இறந்துபோனார். தான் கட்டிய கோயிலின் நிலவறையிலேயே கிடக்கிறார். ஊரே அறிந்த மனிதருக்கு அந்த ஊரிலேயே அந்தக் கதி. நாமெல்லாம் எம்மாத்திரம்? போனில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லாதே, பூட்டிய போனை யார் திறப்பார்கள்? பாஸ்போர்ட் அசல் கேபின் பெட்டகத்தில் இருக்கட்டும், நகலைக் கையில் எடுத்துக்கொள். அசல் வேண்டும் என்று கப்பலில் அறிவித்தால் மட்டும் அசலை எடு.

5. நேரத்துக்கு மரியாதை கொடு. இறங்கும்போதே வாசலில் எழுதிப் போட்டிருப்பார்கள், இத்தனை மணிக்குள் கப்பலுக்குள் வந்துவிட வேண்டும் என்று. அது கப்பல் புறப்படும் நேரமன்று, பெரும்பாலும் அதற்கு அரைமணிக்கு முந்தையது. கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் நிற்கும். நீயாகப் போனால் நிற்காது. உன் வழியில் நான்கு நாடுகளுக்கும் கடிகாரம் ஒன்றுதான். பின்னொரு நாள் கிரேக்கத்துப் பக்கம் போனால் ஒரு மணி நேரம் மாறும், அங்கே கப்பல் நேரம் எது, ஊர் நேரம் எது என்று கேட்டுக்கொள்.

நான் போன கப்பலில், எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு கனடாக்காரர் இருந்தார், எழுபதைத் தாண்டியவர். லிவோர்னோவில் இறங்கி பீசாவுக்குப் போனார். ரயிலில் கால் மணிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி படமெடுக்க ஊர்ப்பட்ட கூட்டம் நிற்குமே, அதில் தன் முறைக்கு நின்றிருக்கிறார். அன்றிரவு அவர் நாற்காலி காலி. மறுநாள் சிவிட்டாவெக்கியாவில் கப்பல் கரையடைந்தபோது, துறைமுக வாசலில் முகமெல்லாம் மழித்துக்கொண்டு நிற்கிறார் மனிதர்! கப்பல் போய்விட்டது என்று தெரிந்ததும் ஓடவுமில்லை, கத்தவுமில்லையாம். கப்பலில் தினமும் கொடுக்கும் தாளில் அச்சிட்டிருந்த துறைமுக முகவரின் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு பல்துலக்கி வாங்கி, வயிறாரச் சாப்பிட்டு, கடற்கரையோரமே போகும் ரயிலேறித் தெற்கே வந்து படுத்துத் தூங்கியிருக்கிறார். அவர் தவறவிட்டதைப் பற்றி நான் பெரிதாக நினைக்கவில்லை. அதற்குப்பின் நடந்துகொண்ட விதத்தைத்தான் பலநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைப்போல நீயும் அந்த முகவரின் எண் அச்சிட்ட தாளைத் தினமும் கையோடு எடுத்துப் போ.

6. ஒரு துறைமுகத்துக்கு ஒன்று போதும். சிவிட்டாவெக்கியா என்றால் ரோம் என்று எழுதியிருப்பார்கள். ரோம் அங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர். கப்பலிலிருந்து துறைமுக பஸ், அங்கிருந்து ரயில் நிலையம், பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில். திரும்பி வருவதையும் கழித்தால் கையில் மிஞ்சுவது ஆறு மணி நேரம். அந்த ஆறு மணியில் கொலோசியம், வாத்திகன் அருங்காட்சியகம், திரெவி நீரூற்று, ஸ்பானியப் படிகள் என்று அடுக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலையில் கேட்டால் வரிசைகளைப் பற்றித்தான் சொல்வார்கள்.

நீ பாந்தியனுக்குப் போ. 2023லிருந்து கட்டணம் வாங்குகிறார்கள், பரவாயில்லை. உள்ளே போய் ஓரமாக நின்றுகொள். கூரையின் நடுவில் வட்டமான திறப்பு, கண்ணாடி கிடையாது. வெயில் வட்டமாக உள்ளே விழுந்து சுவரில் கிடக்கும். கூட்டத்தைப் பார்க்காமல் அதையே கால் மணி நேரம் பார், நகர்ந்திருக்கும். மழை வந்தால் மழையும் உள்ளேதான் பெய்யும். தண்ணீர் வடிவதற்குத் தரையில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன, குனிந்து தேடு. மிச்ச நேரத்தில் எதிரே ஒரு கடையில் காபி குடி. நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. உன் அம்மாவிடம் சொல்லாதே, நான் உட்கார்ந்துதான் குடிப்பேன்.

7. புறப்படும் முன் கிழமையைப் பார். புளோரன்ஸில் உஃபீசியும் டேவிட் சிலை இருக்கும் அக்கதேமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். லிவோர்னோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் டேவிட் 1910ல் வைத்த நகல். சிலருக்கு அது நகலென்று தெரியாது, மகிழ்ச்சியாகத் திரும்பிவிடுவார்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தமும் அடிக்கடி வரும். முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்களை ஓட்டியாக வேண்டும் என்பது ஏற்பாடு. அது வேலைக்குப் போய்வருகிற உள்ளூர்க்காரர்களுக்காக. நாம் திரும்பவேண்டிய மூன்று மணி, நான்கு மணி அதில் வராது. வேலைநிறுத்தம் என்று தெரிந்தால் துறைமுக ஊரிலேயே இரு. துணிச்சல் காட்டுவதற்கு அது நாளல்ல.

8. தெரியாததைக் கேள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நேப்பிள்ஸிலிருந்து பொம்பெயிக்குப் போகும் சின்ன ரயில் சிர்க்கும்வெசுவியானா. வெசூவியஸ் எரிமலையைச் சுற்றிப் போவதால் அந்தப் பெயர். அதில் சொரென்டோ வண்டியில் ஏறி "பொம்பெயி ஸ்காவி" என்ற நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வாசல். வேறு தடத்தில் ஏறினால் அதே ஊரின் இன்னொரு மூலையில் கொண்டுபோய் விடும். பெயர்ப்பலகையில் பொம்பெயி என்றுதான் இருக்கும், இறங்கிய பிறகுதான் தெரியும். படித்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். போனில் வரைபடம் இருக்கிறதே, யாரிடம் கேட்பது என்று ஒரு வீம்பு. அருகில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிப் புருவத்தை உயர்த்து. கையைப் பிடித்து இழுத்தாவது சரியான பெட்டியில் ஏற்றுவாள்.

பொம்பெயிக்கு ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, 2024 நவம்பர் முதல் டிக்கெட்டில் பெயரும் போடுகிறார்கள். முன்பே வாங்கிவிடு. உள்ளே போனதும் பிணங்களின் அச்சு வார்ப்புகளைத் தேடி எல்லோரும் ஓடுவார்கள். நீ தெருவைப் பார். நடைபாதையிலிருந்து நடைபாதைக்குத் தாண்டிப் போக, நடுவில் உயரமான கற்கள் போட்டிருக்கும். தெருவில் தண்ணீரும் சாக்கடையும் ஓடும்போது கால் நனையாமல் கடப்பதற்கு. கற்களுக்கு நடுவே வண்டிச் சக்கரம் போக இடைவெளி விட்டிருப்பார்கள், அங்கே கல்லில் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். கி.பி. 79ல் சாம்பல் மூடுகிறவரைக்கும் உருண்ட சக்கரங்கள். நிழல் மிகக் குறைவு, தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்காதே.

9. திருட்டுக்குப் பயப்படு, மனிதர்களுக்குப் பயப்படாதே. பையை முன்னால் மாட்டு. ஒரு கார்டு கையில், ஒன்று கேபினில். யாராவது கையில் கயிறு கட்ட வந்தாலோ, மனுவில் கையெழுத்துக் கேட்டாலோ நிற்காமல் நட. மீறிப் பர்ஸ் போனால், கார்டை முடக்கு, போலீசில் எழுதி வாங்கு, அன்றைக்குக் கோபப்பட்டுக்கொள். மறுநாள் கடையில் சில்லறை தருகிறவனையெல்லாம் திருடனைப்போலப் பார்க்காதே.

10. பெரிய ஊர் கூப்பிடும்போது சின்ன ஊரையும் எண்ணிப் பார். மெஸ்ஸினாவில் கப்பல் நின்றதும் பஸ் பஸ்ஸாக தாவோர்மினாவுக்குப் போவார்கள். அழகான ஊர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கப்பலிலிருந்து பத்து நிமிட நடையில் மெஸ்ஸினாவின் பேராலயம் இருக்கிறது. பக்கத்தில் மணிக்கூண்டு, 1933ல் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வந்த இயந்திரக் கடிகாரம். பதினொன்றேமுக்காலுக்கே சதுக்கத்துக்குப் போய்விடு. பகல் பன்னிரண்டு அடித்ததும் மேலே பொன்வண்ணச் சிங்கம் கொடியை ஆட்டி மூன்று முறை கர்ஜிக்கும். கீழே சேவல் சிறகடித்துக் கூவும். சிங்கம் நிஜமாகவே கர்ஜிக்கிறதா என்று குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும், உள்ளூர்க் கிழவர்கள் நூறாவது தடவையாக அண்ணாந்து பார்ப்பார்கள். மணியடிக்கிற இரண்டு பெண்சிலைகள் தீனாவும் கிளாரென்சாவும். இரவில் எதிரிப்படை மதிலேற வந்தபோது ஒருத்தி கல்லை உருட்டிவிட, இன்னொருத்தி ஆலயமணியை அடித்து ஊரை எழுப்பினாளாம். அந்தக் கதை பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்தில் இந்த ஊர் தரைமட்டமானது. அதனால்தான் அகலமான தெருக்களும் உயரம் குறைந்த வீடுகளுமாக இருக்கிறது. "பார்க்க ஒன்றுமில்லை" என்று பயணிகள் சொல்வதற்கும் அதுதான் காரணம். நீ காபி கிரானிட்டா கேள். துருவிய பனிபோலக் காபி, மேலே பாலேடு, தொட்டுக்கொள்ள பிரியோஷ் என்ற மிருதுவான பன். அரஞ்சினி என்று சோற்று உருண்டை விற்பார்கள், பார்க்க நம் போண்டாதான். உள்ளே பெரும்பாலும் இறைச்சி இருக்கும். நீ சைவம், கடிக்கும் முன் கேள். கடித்த பிறகு கேட்ட சைவக்காரர் ஒருவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

11. ஒரு காலையாவது கப்பலுக்கு முன்னால் எழுந்திரு. அது வலேட்டாவாக இருக்கட்டும். பெருந்துறைமுகத்துக்குள் கப்பல் மெல்ல நுழையும்போது இரண்டு பக்கமும் தேன்நிறக் கோட்டைச் சுவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். தூங்கிவிட்டுப் பத்து மணிக்கு இறங்குகிறவர்களுக்கு அது கிடைக்காது. இறங்கியபின் புனித ஜான் ஆலயத்தில் கரவாஜ்ஜோ 1608ல் தீட்டிய யோவானின் தலைவெட்டு ஓவியத்தைப் பார். கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருப்பார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், இத்தாலியக் கோயில்களிலும் அப்படித்தான். பையில் ஒரு துப்பட்டா போதும்.

12. காற்றோடு சண்டை போடாதே. மார்செய் பக்கம் மிஸ்ட்ரல் என்று வடக்கிலிருந்து ஒரு காற்று வரும். கிரேக்கத் தீவுகளில் ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி. கப்பல் தலைவர் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகலாம், ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கிறது. துறைமுக வரி மட்டும் திரும்ப வரும். ஒருமுறை சாண்டோரினி இப்படிக் கைவிட்டுப்போனது. அங்கே கப்பல் கரையிலிருந்து தள்ளி நிற்கும், சிறு படகில்தான் கரைக்குப் போகவேண்டும். காற்றடித்தால் படகு இறக்க முடியாது. வரவேற்பு மேசையில் சண்டை மூண்டது. திருமண நாளுக்காக வந்தவர், மேலே ஏறக் கழுதையா கேபிள் காரா 580க்கு மேற்பட்ட படிகளா என்று இரவெல்லாம் விவாதித்தவர், எல்லோரும் அந்த மேசைப் பெண்ணைத் திட்டினார்கள். அவளா காற்றை அனுப்பினாள்? அன்று மேல்தளத்தில் நின்று தூரத்திலிருந்து வெள்ளை வீடுகளைப் பார்த்தேன். எனக்கும் வருத்தம்தான். அதை அவள்மேல் இறக்கவில்லை, அவ்வளவே. மார்செய் கிடைத்தால் நோத்ர் தாம் த லா கார்த் குன்றுக்கு ஏறு. ஆலயத்தின் உள்ளே விட்டத்திலிருந்து சின்னச் சின்ன மரக்கப்பல்கள் தொங்கும். புயலில் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு வைத்தவை. மிஸ்ட்ரலைப் பற்றிப் புகார் செய்யும் ஆசை அங்கே கொஞ்சம் குறையும்.

13. வேலை செய்கிறவர்களின் பெயரைக் கற்றுக்கொள். அறை சுத்தம் செய்கிறவர், பரிமாறுகிறவர் பலரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் கோவா, மும்பைக்காரர்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காதவர்கள். முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சைவம் என்று சொல்லிவிடு. மறுநாளிலிருந்து எங்கிருந்தோ பருப்பு வரும். பலர் சேர்ந்து உட்காரும் மேசையைக் கேட்டு வாங்கு. பேசப் பிடிக்காத இரவில் அறைக்கே சாப்பாட்டை வரவழைத்துக்கொள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கடலில் போன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும். கப்பலின் அலைவரிசையில் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் பில்லைப் பார்த்து உன் அப்பா கப்பலையே வாங்கியிருக்கலாம் என்பார்.

14. கடைசி இரவு பெரிய பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். நடு இரவுக்குள் எடுத்துப் போய்விடுவார்கள், காலையில் கரையில்தான் பார்க்கலாம். வைக்கும் முன் மறுநாள் போடவேண்டிய உடை, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் நான்கையும் கட்டில்மேல் எடுத்து வை. எல்லாவற்றையும் அழகாக மடித்து அனுப்பிவிட்டு, காலையில் இரவு உடையோடும் கப்பல்காரர்கள் கொடுத்த வெள்ளைச் செருப்போடும் பார்சிலோனாவில் வரிசையில் நின்ற ஒரு கனவான் எனக்கு முன்னால் போனார். தலை நிமிர்ந்துதான் போனார். திரும்பும் விமானம் மதியத்துக்குப் பிறகு இருக்கும்படி டிக்கெட் எடு. எடுத்ததும் நேரத்தை எனக்கும் ஒரு வரி அனுப்பு.